சைகோன் கணக்குப் பெட்டியிலிருந்து ஒரு விடுதலைப் போரை எழுதுவது எப்படி

செட்டிநாட்டில் பர்மாவைப் பற்றிப் பேசாத வீடு அரிது. முகப்பில் நிற்கும் தேக்குத் தூணைத் தொட்டுக் காட்டும்போதே இரங்கூன் பேச்சில் வந்துவிடும். 1942இல் காட்டு வழியே நடந்து வந்த கதையும் உடன் வந்துவிடும். சைகோனுக்கு, அதாவது இன்றைய வியட்நாமின் ஹோ சி மின் நகருக்கு, கொண்டுவிக்க (வட்டித்தொழில் செய்ய) போன செட்டியார்களின் வீடுகள் அவ்வளவு இல்லை. இருக்கும் வீடுகளிலும், 1945 முதல் 1954 வரை அங்கு நடந்த போரைப் பற்றிக் கேட்டால், ‘அமெரிக்காக்காரன் சண்டைதானே’ என்று பதில் வருகிறது. அமெரிக்கா படையுடன் வந்தது அதற்குப் பிறகு. அதற்கு முன்பே, புதிதாக விடுதலை அறிவித்த வியட்நாம் தன்னை ஏறக்குறைய 80 ஆண்டுகள் ஆண்ட பிரான்சை எதிர்த்து ஒன்பது ஆண்டுகள் போரிட்டது. நம் அடுத்தாட்களும் (உதவியாளர்களும்) ஏஜெண்டுகளும் அந்தப் போரின் நடுவே பெட்டியடியில் (வட்டிக்கடையில்) உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேரேடுகளில் எஞ்சியவற்றைக் கொண்டு, உங்கள் வீட்டுச் சைகோன் காலத்தை அந்தப் போரோடு சேர்த்து எழுதுவதற்கான வழிமுறையே இக்கட்டுரை. எங்கள் வீட்டுப் பெட்டி ஒன்றில் இரண்டு ஆண்டுகள் செலவழித்தபோது நான் செய்த தவறுகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

பெட்டியைத் திறப்பதற்கு முன்

முதல் வேலை சாவி. பெரும்பாலான வளவு வீடுகள் பல புள்ளிகளுக்கு (பங்குள்ள குடும்பங்களுக்கு) பொதுவானவை. இரண்டாங்கட்டு அறைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பங்காளியின் பூட்டில் இருக்கும். கல்யாணத்துக்கோ படைப்புக்கோ (முன்னோர் வழிபாட்டுக்கோ) அல்லாமல் அவை திறப்பதில்லை. ஆகவே ஆராய்ச்சி என்று கடிதம் போட்டுக் காத்திருப்பதைவிட, அடுத்த படைப்புக்கு எல்லாரும் கூடும் நாளில் முதல்நாளே ஊருக்குப் போய், மூத்த பங்காளியிடம் நேரில் அனுமதி கேட்பது நல்லது. காகிதங்களை வெளியே கொண்டுபோகப் போவதில்லை, படம் மட்டும் எடுத்துக்கொள்வேன் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பழைய அடமானப் பத்திரத்தைத் தேடி ஒருவர் வந்தால் பாகப்பிரிவினை வழக்கு வருமோ என்று எவருக்கும் ஐயம் எழும். அந்த ஐயத்துக்கு இடம் கொடுத்துவிட்டால் சாவி வராது.

இதில் அவசரமும் உண்டு. வீடு இடிபடும்போது தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போய் நல்ல விலை பெறுகின்றன. பேரேடுகள் எடைக்குப் போகின்றன. கடைகளில் பீங்கான் சாடிக்கு அடியில் மடித்து வைத்திருந்த கணக்குத் தாளை நானே பார்த்திருக்கிறேன்.

பெட்டி திறந்ததும் எதையும் பிரித்து அடுக்காதீர்கள். எந்தக் கட்டுக்கு மேல் எந்தக் கட்டு இருந்தது என்பதே ஒரு செய்தி. ஆகவே முதலில் பெட்டியை உள்ளபடி மேலிருந்து ஒரு படம் எடுங்கள். பிறகு வளவில், நேர் வெயில் விழாத தாழ்வாரத்தில், காலை ஒன்பது மணிக்கு மேல் ஒரு வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் ஒவ்வொரு தாளாக வைத்துக் கைப்பேசியில் படம் எடுங்கள். ஒவ்வொரு படத்திலும் தாளின் ஓரத்தில் பென்சிலால் எண் எழுதிய ஒரு சிறு துண்டுச்சீட்டு தெரியட்டும். கையைக் கழுவி ஈரம் போகத் துடைத்துக்கொண்டால் போதும். கையுறை போட்டால் விரல் மரத்துப்போய் மடிப்புகள் கிழியும். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டுவதும், மடிப்பு போக இஸ்திரிப் பெட்டி வைப்பதும், லாமினேட் செய்வதும் தாளுக்குச் செய்யும் கொலை. இராமபாணப்பூச்சி தின்ற கட்டு இருந்தால் அதைத் தனியே வைத்து, நிழலில் இரண்டு நாள் காற்றாட விடுங்கள்.

தேதியைப் பிடிப்பது

இந்த வேலையில் பாதிக்கு மேல் தேதியைப் பிடிப்பதுதான். கணக்குகளிலும் கடிதங்களிலும் ஆங்கில ஆண்டு இருக்காது. தமிழ் ஆண்டின் பெயரும் மாதமும் நாளும் இருக்கும், அவையும் குறியீடுகளாக இருக்கும். ௵ என்பது வருடம், ௴ மாதம், ௳ நாள். ௷ வரவு, ௶ பற்று, ௹ ரூபாய், ௸ மேற்படி. எண்கள் ௧, ௨, ௩ என்று தொடங்கி, பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று வரும். இவற்றை ஒரு தாளில் எழுதி எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு வாரத்தில் கை தானே பழகிவிடும்.

போர்க் காலத்துக்குரிய ஆண்டுகள் இவை: பார்த்திப 1945–46, விய 1946–47, சர்வசித்து 1947–48, சர்வதாரி 1948–49, விரோதி 1949–50, விகிர்தி 1950–51, கர 1951–52, நந்தன 1952–53, விஜய 1953–54, ஜய 1954–55. ஆண்டு சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் மாறுவதால், தையும் மாசியும் பங்குனியும் அடுத்த ஆங்கில ஆண்டில் விழும் என்பதை மறந்தால் கதை முழுதும் ஓர் ஆண்டு தள்ளிப்போகும். இதற்கு ஓர் அழகான எடுத்துக்காட்டு தியென் பியென் ஃபூ முற்றுகை. அது 1954 மார்ச் 13இல் தொடங்கி மே 7இல் பிரெஞ்சுப் படையின் சரணாகதியோடு முடிந்தது. நம் கணக்குப்படி விஜய வருடத்தில் தொடங்கி ஜய வருடத்தில் முடிந்தது. வென்றவர்களுக்கு இந்தப் பெயர்ப் பொருத்தம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை; சைகோனில் பஞ்சாங்கம் வைத்திருந்த நம் ஏஜெண்டுகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும்.

உறை கிடைத்தால் தபால்தலையைக் கிழித்து ஆல்பத்தில் ஒட்ட யாரையும் விடாதீர்கள். இந்தோசீனாத் தபால்தலையில் பிரான்சின் மார்ஷல் பெத்தேன் உருவம் இருந்தால் அது ஜப்பானியப் படை அங்கே இருந்த காலத்தில் அச்சானது. பழைய பிரெஞ்சுத் தபால்தலையின்மேல் வியட்நாம் ஜனநாயகக் குடியரசு என்று வியட்நாமிய மொழியில் மேலச்சு இருந்தால், அது புதிய அரசு 1945க்குப் பிறகு தன் கையில் கிடைத்த பழைய இருப்பையே பயன்படுத்திய காலம். வியட்நாம் என்ற நாட்டுப் பெயரோடு பாவோ தாய் மன்னரின் உருவம் இருந்தால் 1951இலோ அதற்குப் பிறகோ வந்தது. ஒரு சதுர அங்குலத் தாள் ஒரு நாட்டில் ஆட்சி கைமாறிய வரிசையைச் சொல்லிவிடுகிறது.

நான் தவறியது இங்கேதான். எங்கள் பெட்டியில், உள்ளூரில் ஒரு பெட்டியடியிலிருந்து இன்னொன்றுக்கு எழுதிய கடிதம் ஒன்றில், துறைமுகப் பக்கம் குண்டு விழுந்து இரண்டு நாள் கடை திறக்கவில்லை என்ற செய்தி இருந்தது. நான் அதை வியட் மின் (ஹோ சி மின் தலைமையிலான விடுதலை இயக்கம்) நடத்திய போர் என்று முடிவுகட்டி நான்கு பக்கம் எழுதிவிட்டேன். உறையைத் திருப்பிப் பார்த்தபோது பெத்தேன் இருந்தார். கடிதத்தின் மூலையில் தாரண வருடம் மார்கழி இருந்தது. தாரண என்றால் 1944–45. ஜப்பானியர் வசம் இருந்த சைகோனை அமெரிக்க விமானங்கள் 1945 ஜனவரி 12இல் கடுமையாகத் தாக்கின. அந்தக் குண்டு அங்கிருந்து வந்தது. நான்கு பக்கத்தையும் அடித்துவிட்டேன். ஆகவே ‘சண்டை’ என்ற சொல்லைக் கண்டதும் நிற்க வேண்டும்: ஜப்பான் சண்டையா, பிரெஞ்சுக்காரன் சண்டையா, அமெரிக்கச் சண்டையா என்று தேதியைக் கொண்டு தீர்மானித்த பிறகே மேலே செல்ல வேண்டும்.

போரின் எலும்புக்கூடு

உங்கள் கட்டுரைக்குப் போரின் முழு வரலாறு தேவையில்லை. ஆனால் வீட்டுக் காகிதத்தை ஒட்டிப் பார்க்க ஒரு சட்டகம் வேண்டும். அதை ஒரே தாளில் எழுதிக்கொள்ளலாம். 1945 மார்ச் 9இல் ஜப்பானியர் பிரெஞ்சு நிர்வாகத்தைக் கவிழ்த்தார்கள். ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பர் 2இல், பார்த்திப ஆவணியில், ஹனோயின் பா தின் மைதானத்தில் ஹோ சி மின் விடுதலையை அறிவித்தார். அமெரிக்கர்கள் 1776இல் எழுதிய விடுதலை அறிக்கையின் வரிகளைச் சொல்லியே பேச்சைத் தொடங்கினார். அந்த மாதத்திலேயே சைகோனில் சண்டை மூண்டது. 1946 மார்ச் 6இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. அதே ஆண்டு நவம்பரில் ஹைஃபோங் துறைமுக நகரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் குண்டுவீசித் தாக்க, டிசம்பர் 19இல், விய மார்கழியில், ஹனோயில் போர் முழுமையாக வெடித்தது. 1949இல் பிரான்சு பாவோ தாயைத் தலைவராக வைத்து ஓர் அரசை அமைத்தது. 1950 தொடக்கத்தில் சீனாவும் சோவியத் ஒன்றியமும் ஹோவின் அரசை ஏற்றுக்கொண்டன. தளபதி வோ நுயென் கியாப்பின் படை 1950 அக்டோபரில் சீன எல்லையோரத்தில் பிரெஞ்சுப் படைக்குப் பெருந்தோல்வி தந்தது. பிறகு தியென் பியென் ஃபூ. அதன் பிறகு 1954 ஜூலை 21இல் ஜெனீவா உடன்பாடு, 17ஆம் அட்சக்கோட்டில் நாட்டுப் பிரிவு. அதைக் கண்காணித்த மூன்று நாட்டு ஆணையத்துக்குத் தலைமை வகித்தது இந்தியா.

இவற்றில் 1945 செப்டம்பரை மட்டும் பெரிதாக எழுத வேண்டும். ஏனென்றால் அதுவே நம்மவர் கண்ணெதிரே நடந்தது, நம் நாடும் அதில் கை நனைத்தது. ஜப்பானியரிடம் ஆயுதங்களை வாங்கும் பொறுப்பில் பிரிட்டிஷ் தளபதி டக்ளஸ் கிரேசி 13ஆம் தேதி சைகோனில் இறங்கினார். அவருடைய படை 20ஆவது இந்திய டிவிஷன். அவர் இராணுவச் சட்டத்தை அறிவித்து, ஜப்பானியர் சிறைவைத்திருந்த பிரெஞ்சுப் படைவீரர்களை விடுவித்து ஆயுதமும் கொடுத்தார். 23ஆம் தேதி விடியற்காலையில் அவர்கள் நகர நிர்வாகக் கட்டடங்களைக் கைப்பற்றினார்கள். மறுநாளே கடையடைப்பும், மின்சாரமும் தண்ணீரும் இல்லாத நிலையும், பழிவாங்கும் கொலைகளும் தொடங்கின. சரணடைந்த ஜப்பானிய வீரர்களையே வியட்நாமியருக்கு எதிராகக் கிரேசி பயன்படுத்தினார் என்பது இன்றைக்கும் படிப்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கும் செய்தி. இந்தியச் சிப்பாய்களை இன்னொரு நாட்டின் விடுதலையை நசுக்க அனுப்பியதை நேருவும் காங்கிரசும் வெளிப்படையாகக் கண்டித்தார்கள். பார்த்திப புரட்டாசி முதல் வாரத்தில் உங்கள் நாள்வழிக் குறிப்பில் பதிவே இல்லாமல் வெற்றுப் பக்கங்கள் இருந்தால், அந்த வெறுமையைக் கட்டாயம் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்னே, ஆகஸ்டு 17இல், நேதாஜி தாம் கடைசியாகப் பயணம் செய்த விமானத்தில் ஏறிய ஊரும் சைகோன்தான். இந்திய தேசிய இராணுவத்துக்குக் கொடுத்த பணமும் நகையும் வீட்டுக் கதைகளில் வியட் மின் காலத்தோடு கலந்துவிடும். இரண்டையும் வேறு வேறு பக்கத்தில் எழுதுங்கள்.

கணக்கிலிருந்து போரைப் படிப்பது

பேரேட்டில் போர் என்ற சொல் வராது. வசூல் நின்றதும், வட்டி பற்றெழுதப்படாமல் போனதும், ஒரே ஊரின் பெயர் இரண்டு ஆண்டுகள் காணாமல் போய்த் திரும்பி வருவதுமே போரின் தடயங்கள். முதலில் ஊர்ப் பெயர்களைத் திரட்டுங்கள். அவை வாய்க்கு வந்தபடி தமிழில் எழுதப்பட்டிருக்கும். ‘விங்லாங்’ என்று எங்கள் கணக்கில் இருந்ததை ஓர் ஆளின் பெயர் என்று நினைத்துச் சில வாரங்கள் அலைந்தேன். அது வின் லாங், மீகாங் கழிமுகத்தில் உள்ள ஊர். சோக் திராங், பாக் லியெவு, கான் தோ, மீ தோ என்ற பெயர்களையும் உரக்கப் படித்துப் பார்த்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். இவை எல்லாம் நெல் விளையும் தென்பகுதி ஊர்கள். நகரங்களும் பெருவழிகளும் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோதும் வயல்வெளி பல இடங்களில் வியட் மின் கையில் இருந்தது. ஆகவே ஊரில் கிட்டங்கி (தொழில் நடத்தும் கட்டடம்) திறந்திருக்கும், நாலு மைல் தள்ளிக் குத்தகை வசூலாகாது. உங்கள் கணக்கில் நகரத்து வாடகை வந்துகொண்டும் வயல் வருமானம் நின்றும் இருந்தால், போரின் எல்லைக்கோடு உங்கள் வீட்டுப் பேரேட்டின் நடுவே ஓடுகிறது என்று பொருள்.

இரண்டாவது, பணம். பியாஸ்தர் என்ற இந்தோசீன நாணயத்துக்கு 1945 டிசம்பரில் 17 பிராங்கு என்று பிரான்சு மதிப்பு வைத்தது; சந்தையில் அதன் உண்மை மதிப்பு அதைவிடக் குறைவு. அந்த இடைவெளியில் பணம் பண்ணிய ஊழல் பாரிஸ் வரை நாறிற்று. 1953 மே 11இல் மதிப்பு 10 பிராங்காகக் குறைக்கப்பட்டது. ஆகவே விஜய சித்திரையிலோ வைகாசியிலோ ஊருக்கு வந்த ரூபாய் திடீரென்று நூற்றுக்கு நாற்பது போலக் குறைந்திருந்தால், ஏஜெண்டு ஏமாற்றினார் என்று முடிவுகட்டாதீர்கள். எங்கள் உறவில் ஒரு அயித்தான் தம் அப்பச்சியின் (தந்தையின்) ஏஜெண்டைப் பற்றி அறுபது ஆண்டுகள் அப்படித்தான் சொல்லிவந்தார். இந்தத் தேதியைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, வெற்றிலைப் பெட்டியை எடுத்துக்கொண்டார். 1949 செப்டம்பரில் நம் ரூபாயின் மதிப்பும் டாலருக்கு எதிராகக் குறைக்கப்பட்டதையும், இந்தியாவில் அந்நியச் செலாவணிச் சட்டம் 1947இல் வந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உண்டியல் (பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டு) அனுப்பிய பழக்கம் வங்கிப் பத்திரமாக மாறிய காலமும் இதுவே.

மூன்றாவது, ஆட்கள். அடுத்தாளோ ஏஜெண்டோ பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்குப் போய்வருவார். சம்பளச்சீட்டில் அது இருக்கும். 1939இலோ 1940இலோ போனவர், கடலில் போர் மூண்டதால் தவணை முடிந்தும் திரும்ப முடியாமல் 1945 செப்டம்பரையும் அங்கேயே பார்த்திருப்பார். சம்பளச்சீட்டின் தேதியும் ஊருக்கு வந்த தேதியும் கிடைத்தால் அவர் எதையெல்லாம் கண்ணால் கண்டிருக்க முடியும் என்பதை நீங்கள் அறுதியிடலாம். விலாசத்தின், அதாவது கடை நடத்திய பெயரின், முதலெழுத்துகளை மட்டும் கொண்டு ஆளை அடையாளம் கண்டுவிடாதீர்கள். ஒரே விலாசம் இரண்டு தலைமுறைக்கு ஓடும். கல்யாண இசைகுடிமானத்தையும் (திருமண ஒப்பந்தப் பத்திரம்) முறைச்சிட்டையையும் (சீர்வரிசைப் பட்டியல்) வைத்துப் பெயரை உறுதி செய்துகொள்ளுங்கள். அவற்றில் ஊரும் கோவிலும் தந்தை பெயரும் தவறாமல் இருக்கும்.

பெரியவர்களிடம் கேட்பது

‘வியட்நாம் போர் எப்படி இருந்தது’ என்று கேட்டால் எந்த அப்பத்தாவும் ‘எனக்கென்னப்பா தெரியும், நான் ஊர்ல இருந்தேன்’ என்றுதான் சொல்வார்கள். அது உண்மையும்கூட, பெரும்பாலான பெண்கள் ஊரிலேயே இருந்தார்கள். போரை அவர்கள் வராத கடிதமாகவும் வராத ஆளாகவுமே அறிவார்கள். ஆகவே கேள்வியை வீட்டு நிகழ்ச்சிகளின் வழியே கொண்டுபோங்கள். ‘ஐயா அந்த வருசம் பிள்ளையார் நோன்புக்கு இழை எடுக்க வந்திருந்தாகளா, அப்பத்தா?’ என்று கேட்டேன். ‘அந்த வருசமும் வரலை, அடுத்த வருசமும் வரலை. பெரியவன் கல்யாணத்துக்கு முந்தின மாசந்தான் வந்தாக. ஆளே அடையாளம் தெரியலை, அவ்வளவு மெலிவு’ என்றார்கள். பெரியப்பச்சியின் இசைகுடிமானத்தில் தேதி இருந்தது. அதிலிருந்து ஒரு மாதம் பின்னே எண்ணி ஐயா கப்பல் இறங்கிய மாதத்தைக் கண்டுபிடித்தோம். இழை, படைப்பு, புதுமனை, பிள்ளைப்பேறு ஆகிய நான்கையும் கேட்டால் பத்து ஆண்டுகளின் வரிசை கிடைத்துவிடும்.

பேச்சை இடையில் திருத்தாதீர்கள். அவர்கள் சொல்லும் ஆண்டு தவறாக இருந்தால் தவறாகவே எழுதிக்கொண்டு, அடைப்பில் உங்கள் திருத்தத்தை வையுங்கள். பதிவு செய்வதாக இருந்தால் முன்னரே கேட்டுவிடுங்கள். உண்டு உறங்கி எழுந்து காப்பி குடித்த பிறகான மாலை நேரம் இதற்கு ஏற்றது. மதியம் போய் உட்கார்ந்தால் நீங்கள் சாப்பிட்டீர்களா என்ற விசாரணையிலேயே பேச்சு முடிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்தை எழுதுவது

இரட்டைப் பதிவுக் கணக்கு எழுதிய வீட்டில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை: ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஐந்தொகை (வரவு, பற்று இருப்புக் கணக்கு) நிற்காது. நான் படித்த குடும்ப வரலாறுகளில் பெரும்பாலானவை ‘சைகோனில் எல்லாம் போயிற்று’ என்ற ஒரே வரியில் முடிகின்றன. போனது என்ன, எவ்வாறு வந்தது என்று கேட்பவர்கள் குறைவு. 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடன் திருப்ப முடியாத விவசாயிகளின் நிலம் கடன் கொடுத்தவர்களிடம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நில உடைமை 1938இல் 25 விழுக்காடானது என்பது எல்லாரும் அறிந்த கணக்கு. மீகாங் கழிமுகத்திலும் அதே காலத்தில் அடமானங்கள் நிலமாக மாறின. உங்கள் பெட்டியில் பிரெஞ்சு மொழியில் முத்திரையிட்ட பத்திரம் இருந்தால், அதில் அடமானம் வைத்தவரின் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைப் படியெடுங்கள். புதிய அரசு 1945இன் இறுதியில் குத்தகையில் கால் பங்கைக் குறைக்கச் சொன்னபோது அந்த விவசாயியின் வீட்டில் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்த்தால், அவர் மகன் ஏன் போராளிகளோடு சேரக் காட்டுக்குப் போனான் என்பதற்குத் தனியாக விளக்கம் தேட வேண்டியிருக்காது. கட்டுரையை வெளியிடுவதாக இருந்தால் பெயரை முழுதும் எழுதாமல் முதலெழுத்தோடு நிறுத்துங்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்றும் அங்கே இருப்பார்கள்.

என் முன்னோரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதற்காக இதை நான் சொல்லவில்லை. அவர்கள் அந்த ஊர்ச் சட்டப்படி தொழில் செய்தார்கள். பிரெஞ்சு வங்கி எட்டிப் பார்க்காத கிராமத்தில் விதைநெல்லுக்குப் பணம் கொடுத்தது அவர்களே. அதையும் எழுதுங்கள். வியட்நாமியர் கண்ணில் இந்தியர் என்றால் மூன்று வகையினர் தெரிந்திருப்பார்கள்: கிரேசியின் கீழ் வந்த சிப்பாய், பிரெஞ்சுக் குடியுரிமையோடு காவல்துறையிலும் சுங்கத்திலும் வேலை பார்த்த புதுச்சேரி, காரைக்கால் தமிழர், வட்டிக்குக் கொடுத்த செட்டியார். கடிதத்தில் ‘ஊரார் நம்மைப் பகையாகப் பார்க்கிறார்கள்’ என்று இருந்தால், இம்மூன்றில் எந்த இந்தியராக அவர் பார்க்கப்பட்டார் என்ற கேள்வியை எழுப்பிவிட்டு, கடிதமே விடை தந்தால் மட்டும் விடை எழுதுங்கள்.

நான் பின்பற்றிய முறை எளியது. ஒரு நீள நோட்டில் இடப்பக்கம் வீட்டுப் பதிவு, வலப்பக்கம் அதே மாதத்துப் போர்ச் செய்தி. இடப்பக்கம் இருந்து வலப்பக்கம் வெறுமையாக இருந்தால் நூலகத்துக்குப் போக வேண்டும். வலப்பக்கம் இருந்து இடப்பக்கம் வெறுமையாக இருந்தால் இன்னொரு பங்காளியின் பெட்டியைத் திறக்க வேண்டும். பழைய தமிழ் இதழ்களுக்குச் சென்னையில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போதும்; அதுவே நம் கோட்டையூரில் ஒரு வீட்டில் சேர்ந்த தொகுப்பிலிருந்து வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்த இந்தியர் பற்றிய அரசுக் கோப்புகள் தில்லித் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. அவற்றில் ஒரு பகுதியை இணையத்திலேயே பார்க்கலாம். பிரெஞ்சு ஆட்சிக் கோப்புகள் தெற்குப் பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரொவான்சிலும், சைகோன் கோப்புகள் ஹோ சி மின் நகரின் இரண்டாவது தேசிய ஆவண மையத்திலும் இருக்கின்றன. அந்நகருக்கே போவதாக இருந்தால் தோன் தாத் தியெப் தெருவில் உள்ள தண்டாயுதபாணி கோவிலுக்குப் போங்கள். பிரெஞ்சுக் காலத்தில் அது ஓயியே தெரு. உங்கள் வீட்டு உறையின் முகவரியில் அந்தத் தெருப் பெயர் இருந்தால், கோவில் வாசலில் நின்று கதவு எண்களை எண்ணிப் பார்க்கலாம்.

எங்கே நிறுத்துவது என்பதையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். போரின் கதை 1954 ஜூலையோடு முடியும்; கணக்குகள் முடியா. தெற்கில் அமைந்த அரசு 1956 செப்டம்பரில் வெளிநாட்டவர்க்குப் பதினொரு தொழில்களைத் தடுத்தது. அதே ஆண்டு அக்டோபரில் நில உடைமைக்கு 100 ஹெக்டேர் உச்சவரம்பு வைத்தது. பல வீடுகளின் ஐந்தொகை அந்த ஆண்டில்தான் உண்மையில் மூடப்படுகிறது. ஆகவே கட்டுரையை ஜெனீவாவில் முடித்து, 1956 வரையிலான கணக்கை ஒரு பின்னிணைப்பாகச் சேர்ப்பது நல்லது; சைகோன் வீழ்ந்த 1975ஐத் தனிக் கட்டுரைக்கு விட்டுவிடுங்கள்.

எழுதி முடித்ததும் படங்களை மூன்று இடத்தில் சேமியுங்கள். ஒன்று உங்களிடம், ஒன்று வேறு ஊரில் உள்ள ஒரு பங்காளியிடம், ஒன்று நூலகத்தில். விலாசங்களுக்கும் ஊர்ப் பெயர்களுக்கும் நீங்கள் கண்டுபிடித்த பொருளை ஒரே தாளில் தெளிவாக எழுதி, காகிதங்களைப் பழைய வரிசையிலேயே அடுக்கி, அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்து, பெட்டியைப் பூட்டி, சாவியை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.